பாட்டுக்குப் பட்டா கிடையாது

1907ஆம் ஆண்டு. சென்னையில் ‘இந்தியா’ வார இதழை நடத்திக்கொண்டிருந்த 24 வயது இளைஞர் ஒருவரை, மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துச் சென்றார் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன். அரசியலில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஐயர் மிதவாதி, ஆங்கில அரசோடு பேசித்தான் எதையும் பெற வேண்டும் என்பவர். இளைஞரோ திலகர் பக்கம் நின்று, மிதவாதிகளைத் தம் இதழில் வாரம் தவறாமல் வறுத்தெடுத்தவர்.

அன்று அந்த இளைஞர் வாதம் ஏதும் செய்யவில்லை. தாம் எழுதிய நாட்டுப் பாடல்களைப் பாடிக் காட்டினார். கேட்ட ஐயர் உருகிப்போனார். அவற்றுள் சிலவற்றைத் தம் செலவிலேயே ‘சுதேச கீதங்கள்’ என்ற சிறு வெளியீடாக 15,000 படிகள் அச்சடித்து, இலவசமாக வழங்கச் செய்தார். இளைஞரின் பெயர் சி. சுப்பிரமணிய பாரதி.

பாரதியின் கவிதை வாழ்வில் முக்கியமான அந்த வெளியீட்டுக்கு விலையே இல்லை. அரசியலில் எதிர்முகாமில் இருந்தவரே காசு போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தார். மனத்தைத் தூக்கி நிறுத்தும் பாட்டைக் கேட்டவருக்கு அதை இன்னொருவர் காதிலும் போட்டுவிட வேண்டும் என்ற துடிப்பு வந்துவிடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

பாரதியின் பாட்டு இப்படிக் கைமாறுவதற்கு ஏற்றதாகவே பிறந்தது. படித்தவர்கள் மட்டும் ரசிக்கும் யாப்பை அவர் நம்பியிருக்கவில்லை. காவடிச் சிந்தும் நொண்டிச் சிந்தும் கும்மியும் ஏற்கெனவே மக்கள் வாயில் இருந்தன. கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ மெட்டுகள் கதாகாலட்சேபம் கேட்டவர்களுக்கெல்லாம் மனப்பாடம். தெரிந்த அந்த மெட்டுகளில் புதிய சொற்களை ஏற்றினார் பாரதி. கேட்டவுடன் பாடிவிடலாம், ராகம் கற்றுக்கொள்ள வாத்தியார் தேவையில்லை. 1912இல் வெளியான ‘பாஞ்சாலி சபத’த்தின் முன்னுரையில், எளிய சொற்கள், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு என்று இந்த வழியை அவரே விளக்கியிருக்கிறார்.

சேர்ந்து பாடும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிவியலும் ஓரளவு கண்டறிந்திருக்கிறது. சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. ஒன்றாகப் பாடுபவர்கள் ஒரே இடத்தில் மூச்சை இழுத்து ஒரே இடத்தில் விடுகிறார்கள். அதனால் அவர்களுடைய இதயத் துடிப்பும் ஒன்றாகவே ஏறி இறங்குகிறது என்றது அந்த ஆய்வு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், முன்பின் அறியாதவர்களைப் பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு எனப் பிரித்துச் சில மாதங்கள் கவனித்தார்கள். பாட்டு வகுப்பினர்தான் மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். நாற்று நடும்போதும் கப்பல் பாயை இழுக்கும்போதும் பாடியவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். நாற்பது பேர் ஒரு குரலில் பாடும்போது, அதில் ஒருவருடைய பயம் மற்ற முப்பத்தொன்பது பேரின் குரலில் கரைந்துவிடுகிறது.

இதை ஆங்கில அரசும் புரிந்துகொண்டிருந்தது. நாடக மேடையில் முருகன் வேடத்தில் நின்றபடி தேசியப் பாடல்களைப் பாடிய எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். பாரதி மறைந்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகும் அவருடைய பாட்டு ஓயவில்லை. 1928இல் முதலில் பர்மா அரசு அவருடைய பாடல் நூலைத் தடை செய்தது. அதையொட்டிச் சென்னை மாகாணத்திலும் நூல்கள் பறிமுதலாயின. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி கொதித்தெழுந்து பேசினார். புத்தகத்தைப் பறிக்கலாம், மனப்பாடமான பாட்டை எப்படிப் பறிப்பது? அது பஜனையிலும் ஊர்வலத்திலும் விடியற்காலைத் தெருக்களிலும் ஒலித்துக்கொண்டே இருந்தது.

வேறொரு சிக்கல் கிராமபோன் வழியாக வந்தது.

பாரதி 1921இல் மறைந்த பிறகு அவருடைய நூல்களை வெளியிடும் பொறுப்பு குடும்பத்தாரிடம் இருந்து, பின்னர் பதிப்புரிமை அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் வந்து சேர்ந்தது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமையோ 1930களில் தனியே விற்கப்பட்டு ஒரு வணிகரின் கைக்குப் போனது. அவரிடமிருந்து அதை வாங்கினார் ஏ.வி. மெய்யப்பன். 1947 ஜனவரியில் ஏவிஎம்மின் ‘நாம் இருவர்’ வெளியானது. டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, பாரதியின் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின. பட்டம்மாளின் குரல் அந்த ஆண்டு ஆகஸ்டில் சுதந்திரத்தை வரவேற்று வானொலியிலும் ஒலித்தது. திரைப்படம் இல்லாவிட்டால் அந்தப் பாடல்கள் அத்தனை வேகமாக அத்தனை காதுகளை எட்டியிருக்காது.

ஆனால் அடுத்தவர் பாட முனைந்தபோது குறுக்கே உரிமைப் பத்திரம் வந்து நின்றது. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படம் 1948இல் வந்தபோது, அதில் பாரதி பாட்டைச் சேர்த்தது சிக்கலானது. நாட்டு விடுதலைக்காக எழுதிய பாட்டைப் பாட ஒருவர் இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்பதா என்ற கேள்வி தமிழகத்தில் பற்றிக்கொண்டது. எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் பத்திரிகைகளும் ஒரே குரலில் பாரதியை விடுவிக்கச் சொன்னார்கள். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி.கே. சண்முகம் போன்றவர்கள் முன்னின்றார்கள். பாரதியின் மனைவி செல்லம்மாளும் இசைந்தார்.

அப்போது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சி. 1949இல் அரசு பாரதி நூல்களின் உரிமையை எடுத்துக்கொண்டது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. தம்மிடமிருந்த இசைத்தட்டு உரிமையை மெய்யப்பன் ஒரு காசும் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1955இல், காமராசர் முதல்வராக இருந்தபோது, அந்த உரிமைகள் எல்லாம் அரசிடம் தங்காமல் பொதுமக்களுக்கே அளிக்கப்பட்டன. ஒரு கவிஞரின் படைப்புகளை அரசே விலைகொடுத்து வாங்கி, பிறகு யாரும் பாடலாம், யாரும் அச்சிடலாம் என்று திறந்துவிட்டது அந்த நாளில் மிக அபூர்வமான செயல்.

ஏறத்தாழ இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. அங்கே விடை கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் 1945இல் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். குளிரிலும் மழையிலும் வாயிலில் நின்றவர்கள், தேவாலயத்தில் பாடிப் பழகிய ஒரு பாட்டைப் பாடினார்கள். தேவாலயத்தில் அது ‘நான்’ வெல்வேன் என்று தனி ஆளின் நம்பிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை வாயிலில் அது ‘நாம்’ ஆனது. அந்தப் பெண்களிடமிருந்து, டென்னசியில் ‘ஹைலேண்டர்’ என்னும் நாட்டுப்புறப் பள்ளியில் பணியாற்றிய சில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றார். அவரிடமிருந்து பாடகர் பீட் சீகரும், பின்னர் கை கேரவனும் எடுத்துச் சென்றார்கள். 1960இல் ராலே நகரில் கூடிய மாணவர்களுக்குக் கேரவன் அதைக் கற்றுக்கொடுத்தார். ‘வீ ஷல் ஓவர்கம்’ அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமவுரிமைப் போராட்டத்தின் பாட்டாக நிலைத்தது அதன் பிறகுதான்.

இடையில் ஒரு சம்பவம். 1959இல் ஹைலேண்டர் பள்ளிக்குள் காவலர்கள் திடீரென நுழைந்து சோதனையிட்டார்கள். இருட்டில் நடுங்கி உட்கார்ந்திருந்தவர்களில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி, எங்களுக்குப் பயமில்லை என்று பொருள்படும் புதிய அடியை அந்தப் பாட்டில் சேர்த்துப் பாடினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்று முதல் அந்த அடி பாட்டோடு ஒட்டிக்கொண்டது. அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இரவில் அந்த அடி பிறந்திருக்காது.

1960களில் அந்தப் பாட்டுக்கும் காப்புரிமை பதிவானது. சீகரும் நண்பர்களும் தங்கள் பங்குப் பணத்தைத் தொடாமல், தென்மாநிலக் கறுப்பினக் கலைஞர்களுக்கான நிதிக்குக் கொடுத்துவந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனாலும் ஆவணப்படம் எடுப்பவர்கள்கூட அனுமதிக்குக் காத்திருக்க நேர்ந்தது. வழக்குத் தொடுக்கப்பட்டு, 2018 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. பதிப்பு நிறுவனம் உரிமைகோரலைக் கைவிட, பாட்டு பொதுச்சொத்தானது. இந்தியாவில் கிரிஜா குமார் மாத்தூரின் இந்தி வடிவத்தில் அது எத்தனையோ பள்ளிகளின் காலை வணக்கத்தில் எப்போதோ நுழைந்துவிட்டிருந்தது.

எழுதியவருக்கு உரிய கூலி கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இருக்க முடியாது. பாரதியே வறுமையில்தான் மறைந்தார். அதனால்தான் 1949இல் குடும்பத்துக்குத் தொகை கொடுத்த பிறகு பாட்டைத் திறந்துவிட்ட முறை இன்றும் கவனிக்கத்தக்கது. யாருடைய வயிற்றிலும் அடிக்காமல் பாட்டு பொதுவானது.

அதன் பலன் கண்ணெதிரே இருக்கிறது. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் ஜி. ராமநாதனும், பாரதி நூற்றாண்டான 1982இல் ‘ஏழாவது மனிதன்’ படத்தில் எல். வைத்தியநாதனும், 2000இல் ‘பாரதி’ படத்தில் இளையராஜாவும் ஆளுக்கொரு விதமாக அவரைப் பாடவைத்தார்கள். ஒரு மெட்டு இன்னொன்றை அழிக்கவில்லை. கச்சேரி மேடையில் ராகமாலிகையாக ஒலிக்கும் பாட்டே பெண்கள் குழுக் கூட்டத்தில் கைதட்டலோடு ஒலிக்கிறது.

1920இல் கடையத்தில் இருந்தபோது பாரதி ஒரு திட்டம் தீட்டினார். தம் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட வேண்டும். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் பண உதவி கேட்டார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே திருவல்லிக்கேணியில் அவர் காலமானார்.

இன்று ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு ஆசிரியை ஒருவர் பாரதி பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தமக்குத் தெரிந்த கும்மி மெட்டில் அமைத்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதைக் கைபேசியில் பதிந்து வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாம். அதற்கு அவர் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.