இரண்டு மருந்து, ஒன்றரை பலன்

அடவிநயினார் அணைத் தண்ணீரை நம்பி நாற்றுப் பாவும், தென்காசிப் பக்கத்து வடகரையில் எடைக்குறைப்பு ஊசியின் விலையை ரூபாயில் சொல்வதைவிட நெல்லில் சொன்னால் சட்டென்று விளங்கும். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த கொள்முதல் விலை, சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். டிர்செபடைடு என்ற மருந்து மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். வாரம் ஓர் ஊசி. 5 மி.கி. அளவில் நான்கு வாரத்துக்கு 17,500 ரூபாய், அதாவது ஏழு குவிண்டால் நெல். நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு, அந்த ஆண்டுக் கூலியான 336 ரூபாய்ப்படி, 52 நாள் உழைப்பு. மாதத்தில் அத்தனை நாள் இல்லை.

இந்த ஊசிக்கான பெரிய ஆய்வில் 2,539 பேர் 72 வாரம் இருந்தார்கள். 5 மி.கி. எடுத்தவர்களின் எடை சராசரியாக 15.0 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டு, உணவையும் நடையையும் மட்டும் திருத்திக்கொண்டவர்களுக்கு 3.1 சதவீதம். 80 கிலோ ஆள் ஒருவருக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். குறைவது 12 கிலோ. வெற்று ஊசியே தந்திருக்கக்கூடியதைக் கழித்தால் மருந்தின் பங்கு ஒன்பதரை கிலோ. 72 வாரச் செலவு அறிமுக விலையில் 3,11,500 ரூபாய். ஆக, மருந்தின் பேரில் எழுதக்கூடிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 13 குவிண்டால் நெல். உடம்பில் ஒரு கிலோ இறங்க, களத்தில் 1,300 கிலோ!

இன்னோர் ஊசி மருந்தான செமக்ளூடைடு 2025 ஜூனில் வெகோவி என்ற பெயரில் வந்தது. 2.4 மி.கி. பேனா மாதம் 26,015 ரூபாய். அதே ஆண்டு நவம்பரில் 16,400 ஆக இறக்கினார்கள். அதன் இந்தியக் காப்புரிமையும் 2026 மார்ச் வரைதான். விலை இறங்க இறங்க ஒரு கேள்வி வரத்தான் செய்யும்: இதோடு இன்னொன்றையும் சேர்த்தால் சீக்கிரம் இறங்காதா?

இதற்கு ஆய்வுக் கணக்கே இருக்கிறது. 2025இல் வெளியான ஆய்வில் 3,417 பேருக்கு 68 வாரம் செமக்ளூடைடு, காக்ரிலின்டைடு இரண்டையும் தனியாகவும் சேர்த்தும் கொடுத்தார்கள். செமக்ளூடைடு மட்டும்: 14.9 சதவீதம். காக்ரிலின்டைடு மட்டும்: 11.5. வெற்று ஊசி: 3.0. வெற்று ஊசியின் பங்கை நீக்கினால் முதலாவது 11.9, இரண்டாவது 8.5. கூட்டினால் 20.4 வரவேண்டும். சேர்த்துப் போட்டவர்களுக்கு அப்படிக் கழித்து வந்தது 17.4. இரண்டில் வலுவான மருந்தின் பலன் ஒன்று என்றால் இரண்டின் பலன் ஒன்றரை. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வகையறா மட்டும் கூட்டு மருந்தில் 79.6 சதவீதம் பேருக்கு. வெற்று ஊசியில் 39.9.

ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம் என்று பழையதையும் புரட்டினேன். ஃபென்டெர்மின், டோபிரமேட் சேர்க்கைக்கு அமெரிக்கா 2012இல் அனுமதி தந்தது. ஐரோப்பா அதே ஆண்டு மறுத்தது. அதன் ஓர் ஆய்வில் 756 பேர், 28 வாரம். முழு அளவில் தனித்தனியே 6.1, 6.4 சதவீதம், சேர்த்தால் 9.2, வெற்று மாத்திரை 1.7. இங்கும் ஏறக்குறைய ஒன்றரைதான். ஆனால் இரண்டையும் பாதிப் பாதி அளவில் சேர்த்தபோது 8.5 கிடைத்தது. ஒன்றை முழு அளவில் விழுங்குவதைவிட இரண்டில் பாதி மேல். கூட்டு மருந்துக்கு உண்மையான நியாயம் ஒன்று உண்டென்றால் அது இந்த வரியில்தான் இருக்கிறது. எதிர்முனையும் உண்டு. சிபுட்ரமின் என்ற எடை மருந்தை ஓராண்டு சாப்பிட்ட 34 பெண்களில் ஒரு பகுதியினருக்கு 16 வாரம் ஆர்லிஸ்டாட் என்ற இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கூடுதலாக ஒரு கிலோகூட இறங்கவில்லை.

பாதி அளவு என்ற அதே நியாயத்தில் கிளம்பியதுதான் ஃபென்-ஃபென். ஃபென்ஃப்ளூரமின், ஃபென்டெர்மின் இரண்டும் தனித்தனியே அனுமதி பெற்றவை. சேர்த்துக் கொடுக்க எவரும் அனுமதி தந்ததில்லை. 1992இல் வெளிவந்த, வெறும் 121 பேரை வைத்த ஆய்வு போதுமானதாக இருந்தது. 1996இல் மட்டும் அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சம் சீட்டுகள் எழுதப்பட்டன. 1997 ஜூலையில் மேயோ கிளினிக் 24 பெண்களின் இதய வால்வுக் கோளாறை வெளியிட்டது. அறிகுறியே இல்லாத 291 பேரைச் சோதித்ததில் ஏறக்குறைய 30 சதவீதம் பேரின் வால்வு சரியில்லை. செப்டம்பர் 15 அன்று ஃபென்ஃப்ளூரமின் கடையை விட்டுப் போனது. 121 பேரில் தெரியாதது லட்சக்கணக்கானவர்களிடம் தெரிந்தது.

தென்காசிப் பக்கம் கூட்டு என்பது பெரும்பாலும் இரண்டு எடை மருந்து அல்ல. சர்க்கரை மாத்திரையும் ஊசியும். தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் 30.9 சதவீதத்திலிருந்து 40.4 ஆகவும், ஆண்கள் 28.2இலிருந்து 37.0 ஆகவும் ஏறியதை நான்காம், ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வுகள் சொல்கின்றன. இவர்களில் சர்க்கரைக்காரர் ஊசிக்கு வரும்போது கையில் பெரும்பாலும் கிளிமிபிரைடு மாத்திரை இருக்கும். அதன் அளவைக் குறைக்காமல் ஊசி போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். ஓர் ஆய்வில் செமக்ளூடைடு எடுத்த சர்க்கரை நோயாளிகளில் 6.2 சதவீதம் பேருக்குப் பொருட்படுத்தத்தக்க தாழ்சர்க்கரை வந்தது. வெற்று ஊசியில் 2.5. டெனிலிக்ளிப்டின், வில்டாக்ளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் வேறு கதை. ஊசி செய்கிற வேலையையே சிறிய அளவில் செய்பவை அவை. சேர்ப்பது, மறுகால் பாயும் குளத்துக்கு இன்னொரு வாய்க்காலைத் திருப்புவது. ஆபத்து பெரிதில்லை, மாத்திரைக் காசு வீண். செமக்ளூடைடையும் டிர்செபடைடையும் ஒன்றாகப் போடவே கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், டிர்செபடைடு தொடங்கியதும் அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரத்துக்கு வேறு தடுப்பு முறையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சீட்டில் இல்லாத மருந்து. சுமார் 10,000 பேரை வைத்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 10.0இலிருந்து 11.4 சதவீதமாகக் கூடியதால் சிபுட்ரமின் 2010இல் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளிலிருந்து விலகியது. 2011இல் இந்தியா தடை செய்தது. ஆனாலும் ‘மூலிகை’ என்று இணையத்தில் விற்கும் மெலிவு மாத்திரைகளுக்குள் அது ஒளிந்திருப்பதை வெளிநாட்டுப் பரிசோதனைக்கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கின்றன. மூலிகைதானே என்று அதையும் விழுங்கி வாரம் ஓர் ஊசியும் போடுகிறவர், தமக்கே தெரியாமல் இரட்டை மருந்துக்காரர். ரத்த அழுத்தம் ஏறி அவர் டாக்டர் முன் உட்காரும்போது, பையிலிருந்து எடுத்துக் காட்டும் மாத்திரைகளில் அந்த டப்பா பெரும்பாலும் இருக்காது.