பாய்ப்படகுக் கழகமும் அதன் பந்தயமும்

காற்றின் வலிமையாற் கலஞ் செலுத்துதல் மனிதன் அறிந்த மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. அதனை ஒரு விளையாட்டாகக் கொண்டமை ஒப்பளவில் அண்மைக் காலத்து வழக்கமாகும். மீன் பிடிப்பதற்கோ பண்டங்களை ஏற்றிச் செல்வதற்கோ அன்றி, ஓட்டும் இன்பத்துக்காகவே படகோட்டுவோர் கூடி அமைத்த கழகங்கள் இன்று உலகின் பல நாடுகளிலும் கடலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இயங்கி வருகின்றன. அவற்றுட் சில செல்வர் கூடும் மாளிகைகளாக இருப்பதுண்டு. ஆயினும் மிகப் பல கழகங்களுக்கு உரிய சொத்து ஒரு கொட்டகையும், படகுகளை நீரில் இறக்கும் ஒரு சரிவும், ஒரு கொடிமரமும், தேநீர் தயாரிக்க ஒரு சிறு அறையுமே. சம்பளம் பெறும் ஊழியர் அங்கு இல்லை. உறுப்பினரே உடைமையாளர், அவர்களே வேலையாட்கள், பந்தயத்தில் ஓடுவோரும் அவர்களே, பிணக்கு நேர்ந்தால் விசாரித்துத் தீர்ப்புக் கூறுவோரும் அவர்களே. இவ்வாறு எல்லாப் பொறுப்புக்களும் ஒரே கூட்டத்தாரின் கையில் இருக்கும்போது, பந்தயம் நேர்மையாகவும் உயிர்ச்சேதமின்றியும் நடைபெறுவது எங்ஙனம் என்பது ஆராயத் தக்கதாகும்.

இத்தகைய கழகங்களின் வரலாறு அயர்லாந்துத் தேசத்திலே தொடங்குகிறது எனலாம். அந்நாட்டின் தென்கரையிலுள்ள கோர்க் துறைமுகத்தில் 1720ஆம் ஆண்டில் ஒரு நீர்க்கழகம் இயங்கியது. இன்றைய றோயல் கோர்க் படகுக் கழகம் அதனையே தன் மூலமாகக் கொண்டு, உலகின் மிகப் பழைய படகுக் கழகம் எனப் போற்றப்படுகின்றது. அக்கழகத்தின் பழைய விதிகள் சுவையானவை. உறுப்பினர் தொகை இருபத்தைந்துக்கு மேற்படலாகாது. விருந்தளிப்பவர் இரண்டு இறைச்சிக் கறிகளுக்கு மேற் கொண்டுவரலாகாது. உணவுக்குப் பின் படகோட்டம் பற்றிப் பேசுபவர் ஒரு நிறைகிண்ண மதுவைத் தண்டமாக அருந்துதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. பொறுப்பைப் பகிர்ந்து கொள்வதும், தம்மைத் தாமே விதிகளாற் கட்டுப்படுத்திக் கொள்வதும் அன்றே தோன்றிவிட்டன.

எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே படகுப் பந்தயம் பெரும்பாலும் பிரபுக்களின் விளையாட்டாகவே இருந்தது. பெரிய கலங்களை வைத்திருந்தோர் கூலிக்கு மாலுமிகளை அமர்த்தினர். இந்நிலை மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னராகும். நீரில் ஊறினும் விட்டுப் பிரியாத பசைகளும், மெல்லிய ஒட்டுப்பலகைகளும் அக்காலத்திலே எளிதிற் கிடைக்கலாயின. கைத்திறன் சிறிதுள்ள ஒருவர் தம் வீட்டிலேயே படகு கட்டிக்கொள்ள இவை வழி செய்தன. இங்கிலாந்திலே ஜாக் ஹோல்ற் என்னும் படகமைப்பாளர் இத்தகைய படகுகள் பலவற்றுக்கு வடிவம் வகுத்தார். 1949இல் வெளிவந்த ஜி. பி. 14 பதினான்கு அடி நீளமுடையது. பல தேவைகளுக்கும் பயன்படுவது என்பதே அப்பெயரின் பொருள். 1956இல் நீலப் பாய்களுடன் வந்த என்ரர்பிறைஸ் படகை விளம்பரப்படுத்தும் பொருட்டு, அவ்வாண்டின் குளிர்காலத்து இரவொன்றில் இரண்டு படகுகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தன. 1963இல் ஒரு நாளிதழின் ஆதரவுடன் அறிமுகமான மிறர் படகோ செப்புக் கம்பியாற் பலகைகளைத் தைத்து, இணைப்புக்களை நாடாவும் பசையும் கொண்டு ஒட்டிக் கட்டப்படுவது. அதன் விலை அந்நாளில் 63 பவுண் 11 ஷில்லிங். சிவந்த பாய்களையுடைய அப்படகுகள் இதுகாறும் எழுபதினாயிரத்துக்கு மேற் கட்டப்பட்டுள்ளன. ஆசிரியரும் எழுதுவினைஞரும் தொழிலாளரும் படகுடையோராயினர். அவர்களுக்கெனச் சிறு கழகங்கள் ஏரிகள்தோறும் எழுந்தன. இலங்கையிலே மொறட்டுவைக்கு அண்மையிலுள்ள போல்கொட ஏரியிலும் என்ரர்பிறைஸ், ஜி. பி. 14 ஆகிய படகுகள் பந்தயத்தில் ஓடியுள்ளன.

கழகத்தின் ஆட்சி எளிமையானது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒரு தலைவரையும் செயலாளரையும் தனாதிகாரியையும் செயற்குழுவையும் தெரிவு செய்வர். தலைவரைக் கொமடோர் எனக் கடற்படை வழக்குப்படி அழைப்பது மரபு. பருவந் தொடங்குமுன் உறுப்பினர் ஒரு நாள் ஒன்றுகூடி, கொட்டகைக்கு வர்ணம் பூசுவர். சரிவிற் படர்ந்த பாசியைச் சுரண்டுவர். மிதவைகளின் சங்கிலிகளைச் சோதிப்பர். நம் நாட்டவர் சிரமதானம் எனக் கூறுவது இதனையே. ஆயினும் கழகத்தின் உயிர்நாடி வேறொன்றில் உளது. அது முறைப்பட்டியல் எனப்படும் ஒரு தாள். ஒவ்வொரு பந்தய நாளிலும் எவர் பந்தய அதிகாரி, எவர் நேரம் குறிப்பவர், எவர் மீட்புப் படகைச் செலுத்துபவர், எவர் தேநீர் வழங்குபவர் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். தமது முறை வந்தவர் அன்று தம் படகை நீரில் இறக்க மாட்டார். ஏனையோர் ஓடுவதற்காக அவர் கரையில் நிற்பார். பல கழகங்கள் அவருக்குச் சராசரிப் புள்ளிகளை வழங்கி, அப்பணியினால் அவர் பின்தள்ளப்படாதவாறு பார்த்துக்கொள்ளும்.

பந்தய அதிகாரியின் முதற்கடமை காற்றை நோக்குதல். பாய்ப்படகு எதுவும் காற்றை நேர்முகமாக எதிர்த்து ஓடமாட்டாது. காற்று வருந் திசைக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகை விலகி, முதலில் ஒருபுறமும் பின்னர் மறுபுறமுமாக வளைந்து வளைந்தே அத்திசையில் முன்னேற இயலும். ஓட்டியின் திறமை நன்கு விளங்குவது இப்பகுதியிலேயே. ஆதலால் முதல் மிதவை காற்று வருந் திசையில் அமையுமாறு பந்தய வழி வகுக்கப்படும். பின்னர் காற்றைப் பக்கவாட்டிற் பெற்று ஓடும் பகுதியும், முதுகிற் பெற்று ஓடும் பகுதியும் வரும். காற்றுத் திசை மாறினால் மிதவைகளும் மாற்றப்படல் வேண்டும்.

ஓட்டப் பந்தயத்திற் போலப் படகுகளைக் கோட்டில் நிறுத்தி வைத்தல் இயலாது. அதனாற் புறப்படும் முறை தனிச் சிறப்புடையது. ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்படகு வகைக்குரிய கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது, நீல நிறத்தின் நடுவே வெண்சதுரம் பொறித்த ஆயத்தக் கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி இறங்கும். முதற்கொடி இறங்கியதும் பந்தயம் தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஊதுகுழலோ வேட்டோ ஒலிக்கும். ஆயினும் ஒலி தூரத்தைக் கடக்கச் சிறிது நேரம் செல்லுமாதலால், கொடி அசைவே சட்டப்படி செல்லுபடியாகும். அவ்வைந்து நிமிடங்களிலும் படகுகள் கோட்டின் பின்னே சுற்றிச் சுழன்று, குறித்த செக்கனில் முழுவேகத்துடன் கோட்டைக் கடக்க முயலும். முந்திக் கடந்த படகு, வெண்கொடியில் நீலச் சிலுவை தோன்றக் கண்டதும், திரும்பி வந்து மீண்டும் புறப்படல் வேண்டும்.

இருபது முப்பது படகுகள் நெருங்கி ஓடுமிடத்து மோதல் நேராதிருக்க விதிகள் வேண்டும். அவ்விதிகளை வேர்ள்ட் செயிலிங் என வழங்கும் சர்வதேச நிறுவனம் நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகின்றது. சிற்றூர்க் கழகத்திலும் ஒலிம்பிக் போட்டியிலும் அடிப்படையில் அவ்விதிகளே ஆளுகின்றன. அவற்றுட் சிறந்தவை மூன்று. காற்றை இடப்புறத்திற் பெற்று ஓடும் படகு, வலப்புறத்திற் பெற்று ஓடும் படகுக்கு வழிவிடல் வேண்டும். இரண்டும் ஒரே புறத்திற் காற்றைப் பெற்று அருகருகே ஓடினால், காற்று வரும் பக்கத்தில் உள்ளது மற்றதற்கு விலகிச் செல்லல் வேண்டும். பின்னால் வருவது முன்னாற் செல்வதற்கு இடையூறு செய்யலாகாது.

இவ்விதிகளை மீறினவரைத் தண்டிப்பவர் யாவர் என நேயர்கள் வினவலாம். காற்பந்தாட்டத்திற் போல ஊதுகுழலுடன் உடன் ஓடும் நடுவர் கழகப் பந்தயத்தில் இல்லை. கரையில் நிற்கும் பந்தய அதிகாரிக்கு நெடுந்தொலைவில் இரு படகுகள் உரசியமை தெரியாது. தவறு செய்தவரே அதனை உணர்ந்து, ஏனைய படகுகளை விட்டு விலகி, தம் படகை இருமுறை முழுவட்டமாகச் சுழற்றித் தண்டனையைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளல் வேண்டும். மிதவையைத் தீண்டினவர் ஒருமுறை சுழன்றாற் போதும். பிறருக்குக் காயமோ பெருஞ்சேதமோ விளைத்தவர் பந்தயத்தினின்றும் விலகிவிடல் வேண்டும். வட்டமிடுவதற்குள் நான்கைந்து படகுகள் கடந்து சென்றுவிடும் என்பதை அறிந்தும், எவருங் காணாத இடத்திலும், ஓட்டிகள் இதனைச் செய்கின்றனர். இருவரும் தத்தம் பக்கமே சரியெனக் கருதினால், ஒருவர் அவ்விடத்திலேயே உரக்க முறைப்பாடு கூறி, கரை வந்ததும் அதனை எழுத்தில் ஒப்படைப்பார். அன்று மாலை உறுப்பினர் சிலர் மேசை முன் அமர்ந்து, சிறு மரத்துண்டுகளைப் படகுகளாக வைத்து நகர்த்தி, இருதரப்பையும் சாட்சிகளையும் கேட்டுத் தீர்ப்பளிப்பர்.

வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடும் கழகங்களில் இன்னொரு சிக்கல் எழும். நீண்ட படகு விரைந்தோடும். சிறிய படகு பின்தங்கும். இதனைச் சமன் செய்யப் போர்ட்ஸ்மத் அளவை என்னும் எண்முறை வழங்குகின்றது. ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் உண்டு. விரைந்தோடும் வகைக்குச் சிறிய எண், மெல்ல ஓடும் வகைக்குப் பெரிய எண். ஓடிய நேரத்தை ஆயிரத்தாற் பெருக்கி அவ்வெண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 1000 என்னும் எண்ணுடைய படகு 52 நிமிடத்தில் ஓடி முடித்தால் அதன் திருத்திய நேரமும் 52 நிமிடமே. 1200 என்னும் எண்ணுடைய படகு 60 நிமிடம் எடுத்தால் அதன் திருத்திய நேரம் 50 நிமிடம். எட்டு நிமிடம் பிந்தி வந்ததே வெற்றி பெற்றதாகும். இவ்வாறு தகப்பனார் விரைவுப் படகிலும் பதின்மூன்று வயது மகள் மிறர் படகிலும் ஒரே பந்தயத்தில் ஓட, மகள் வெல்லவுங் கூடும்.

இனி, பந்தயத்திலும் மேலான பொறுப்பொன்று உண்டு. சிறு படகுகள் கவிழ்வது இயல்பு. கவிழ்ந்த படகை நிமிர்த்தும் முறையைப் புதியவர் முதலிலேயே கற்றுக்கொள்வர். ஒருவர் படகின் அடியிலிருந்து நீட்டி நிற்கும் பலகையின்மேல் ஏறித் தம் பாரத்தால் அதனை நிமிர்த்த, மற்றவர் உள்ளே கிடந்தவாறே படகுடன் எழுவார். ஆயினும் காற்று மிகுந்து, ஓட்டிகள் களைத்து, குளிர் உடலைத் தாக்குமாயின் ஆபத்து விரைந்து வரும். ஆதலால் மிதக்கச் செய்யும் அங்கி அணியாது எவரும் படகேறலாகாது என்பதிற் கழகங்கள் உறுதியாக உள்ளன. மீட்புப் படகைச் செலுத்த முறையுடையவர் வரவில்லையெனின், அவருக்குப் பதிலாக வேறொருவர் தம் பந்தயத்தைக் கைவிட்டு முன்வருதல் வேண்டும். எவரும் வராவிடின் அன்றைய பந்தயத்தை நடத்துதல் தகாது. மீட்கச் செல்பவர் முதலிலே தலைகளை எண்ணுவார். இருவர் சென்ற படகின் அருகில் ஒருவரே காணப்பட்டால், மற்றவரைக் கண்டபின்னரே வேறெதையும் நோக்குவார். ஆட்களைக் காத்த பின்னரே படகைக் காத்தல் என்பது அவருக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம்.

பந்தய விதிநூலின் தலைவாயிலில் நிற்பதும் இதுவே. அதன் முதலாம் விதி வழிவிடுதல் பற்றியதன்று. ஆபத்திலுள்ளவருக்குத் தன்னால் இயன்ற உதவி அனைத்தையும் செய்தல் ஒவ்வொரு படகினதும் கடமை என்பதே அது. இவ்விதியின் பொருளை உலகம் 1988ஆம் ஆண்டு கண்டது. சியோல் ஒலிம்பிக் விழாவின் படகுப் போட்டிகள் தென்கொரியாவின் பூசான் கடலில் நடைபெற்றன. செப்ரெம்பர் 24ஆந் திகதி காற்று திடீரெனக் கடுமையாயிற்று. ஃபின் வகைப் பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த கனடா நாட்டு லோறன்ஸ் லெமியூ, வேறொரு பந்தயத்திற் கவிழ்ந்த சிங்கப்பூர்ப் படகொன்றையும், அலைகளிடையே தத்தளித்த அதன் ஓட்டிகள் இருவரையும் கண்டார். பதக்கம் கைக்கெட்டும் நிலையில் இருந்தபோதும் அவர் வழியை விட்டுத் திரும்பி, இருவரையும் தம் படகில் ஏற்றி, காவற்படகு வரும்வரை காத்திருந்து ஒப்படைத்தபின் பந்தயத்தைத் தொடர்ந்தார். இருபத்திரண்டாவதாகவே அவரால் முடிக்க முடிந்தது. நடுவர் குழு அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கியது. ஈற்றிற் பதக்கம் கிட்டவில்லையாயினும், பியர் தெ கூபேற்றன் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது.

ஒலிம்பிக் அரங்கில் வியப்புடன் நோக்கப்பட்ட அச்செயலின் சிறிய வடிவங்கள் கழகங்களிற் புகழின்றி நிகழ்கின்றன. இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள சவுத்போர்ட் நகர் ஏரியிலே வெஸ்ற் லங்காஷயர் படகுக் கழகம் 1967ஆம் ஆண்டு தொடங்கிய இருபத்துநான்கு மணிநேரப் பந்தயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல ஊர்க் கழகங்கள் தத்தமக்கு ஒவ்வொரு படகை அனுப்பும். ஓட்டிகள் முறை மாறி மாறி, இரவும் பகலும் ஏரியைச் சுற்றுவர். அத்தனை பொழுதும் சுற்றுக்களை எண்ணுபவரும், மீட்புப் படகில் விழித்திருப்பவரும், நள்ளிரவிற் சுடுநீர் வைப்பவரும் இல்லையெனின் அப்பந்தயம் நடவாது.

சிறுவருக்குப் படகோட்டப் பயிற்சி அளித்தல், குடும்பத்துடன் நெடுந்தூரம் சென்று வருதல், அயற்கழகங்களுடன் நட்புப் போட்டி நடத்துதல் என்பனவும் இக்கழகங்களின் பணிகளாகும். 1947இல் அமெரிக்காவின் புளோறிடா மாநிலத்திற் கிளார்க் மில்ஸ் வகுத்த ஒப்ரிமிஸ்ற் என்னும் எட்டடிப் படகு, இன்று உலகெங்கும் சிறுவரின் முதற்படகாக விளங்குகின்றது. அதிற் பழகும் சிறுவன் பாயையும் சுக்கானையும் மாத்திரம் கற்பதில்லை. தன் முறை வரும்போது நேரக்குறிப்பேட்டுடன் கரையில் அமரவும், தான் செய்த தவறுக்குத் தானே வட்டமிடவும், கவிழ்ந்த தோழனைக் கண்டால் வெற்றியை விட்டுத் திரும்பவும் அவன் பழகிக்கொள்கின்றான். ஊதியம் பெறும் காவலரும் நடுவரும் இன்றி அச்சிறு கழகங்கள் ஆண்டாண்டாக நிலைத்து நிற்பது இப்பழக்கத்தினாலேயே.