நண்பகலில் எழுந்த நிலவு

புராணக் கதைகளையும் மாயக் கதைகளையும் திரையில் காட்ட முற்படுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. துவாரகையைக் கண்டவர் எவரும் இலர். கடோத்கசனை நேரில் பார்த்தவரும் இலர். ஆயினும் திரையரங்கில் அமர்ந்திருப்போர், “ஆம், இதுதான் துவாரகை” என்று நம்புதல் வேண்டும். அந்நம்பிக்கையை ஊட்டுவதில் நடிப்புக்கும் உரையாடலுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்பே, காட்சியின்மீது விழும் ஒளி தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

இதனை அறிய, 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாயா பஜார்’ என்னும் ஒரு படமே போதும். சென்னை வடபழனியில் அக்காலத்தில் இயங்கிய விஜயா–வாஹினி ஸ்டுடியோவில், கே. வி. ரெட்டியின் இயக்கத்தில், தெலுங்கிலும் தமிழிலும் அது உருவாயிற்று. பலராமனின் மகள் வத்சலாவை அபிமன்யு மணந்துகொள்ளக் கடோத்கசன் தன் மாயத்தால் துணைபுரிவதே கதை. வியாசர் இயற்றிய பாரதத்தில் இக்கதை இல்லை. மக்களிடையே வழங்கி வந்தது. தெலுங்கில் நாகேஸ்வர ராவும் தமிழில் ஜெமினி கணேசனும் அபிமன்யுவாக நடித்தனர். கண்ணனாக வந்த என். டி. ராமராவ், வத்சலாவாக வந்த சாவித்திரி, கடோத்கசனாக வந்த எஸ். வி. ரங்காராவ் ஆகியோர் இரு படங்களிலும் உள்ளனர். தாத்தா பாட்டி வீட்டுக்கு விடுமுறையில் சென்ற பிள்ளைகள், தொலைக்காட்சியில் இதன் சில காட்சிகளையேனும் கண்டிருக்கக்கூடும்.

இத்தகைய படங்களுக்கு வேலை முதலில் தாளில்தான் தொடங்கும். அரண்மனையின் தூண் எத்தகையது, முடியின் வடிவம் யாது என்பவற்றை ஓவியர் வரைந்து காட்டுவார். நல்ல ஓவியர் பொருளை மட்டும் வரைந்து நிறுத்துவதில்லை. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, கண் முதலில் எவ்விடத்தில் தங்க வேண்டும் என்பவற்றையும் அத்தாளிலேயே தீர்மானித்துவிடுவார். மாயா பஜாரின் கலை இயக்குநர்களுள் ஒருவரான மாதவபெத்தி கோகலே அடிப்படையில் ஓர் ஓவியர். அவரும் கலாதரும் அமைத்த உலகிற்கு ஒளியூட்டிப் படம்பிடித்தவர் மார்கஸ் பார்ட்லி என்னும் ஆங்கிலோ-இந்திய ஒளிப்பதிவாளர்.

துவாரகை நகரம் முழுவதையும் காட்டுவதற்காக 50 அடிக்கு 60 அடி பரப்பில் ஏறத்தாழ 300 சிறு மாதிரி வீடுகளை அமைத்தனர். ஒவ்வொரு வீட்டிற்கும் மின்விளக்கு வசதி செய்யப்பட்டது. பொம்மை வீட்டிற்கு விளக்கு எதற்கு என்று தோன்றலாம். பெரிய விளக்கு ஒன்றை மேலிருந்து பாய்ச்சினால் நகரம் முழுவதும் ஒரே சீராக வெளிச்சமாகிவிடும். அந்தச் சீர்மையே அது பொம்மை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மை நகரத்தில் ஒவ்வொரு சாளரத்தின் பின்னும் ஒரு குடும்பம் வாழ்கிறது; அவரவர் விளக்கு அவரவர் வீட்டில் எரிகிறது. ஆகவேதான் சாளரத்தில் விளக்கெரியும் மாதிரி வீட்டைக் கண்டதும் அங்கே மனிதர் இருக்கின்றனர் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. இன்று கணினியில் மாய நகரங்களை எழுப்புவோரும் சாளரந்தோறும் விளக்கேற்றவே செய்கின்றனர். மாறியவை கருவிகள் மட்டுமே.

படத்தில் மிகவும் பேசப்படுவது, வத்சலாவும் அபிமன்யுவும் நிலவொளியில் படகில் செல்லும் பாடற்காட்சி. முழுநிலவின் வெளிச்சம் கதிரவன் ஒளியில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்குதான். அக்காலத்துப் படச்சுருளில் அவ்வளவு மங்கிய ஒளி பதிவாகாது. எனவே உண்மையான நிலவில் நிலவுக் காட்சியை எடுக்க வழியே இல்லை. அப்படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றிய சிங்கீதம் சீனிவாசராவ் (‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தைப் பின்னாளில் இயக்கியவர் இவரே), அக்காட்சியின் வெளிப்புறப் பகுதி நண்பகலில் எடுக்கப்பட்டதாகக் கூறியுள்ளார். அப்பகுதி திரையில் சில நொடிகளே வரும். எஞ்சியவை ஸ்டுடியோவிற்குள் எடுக்கப்பட்டவை.

பகலை இரவாக்கும் கலைக்குச் சில பொதுவான வழிகள் உண்டு. கேமராவிற்குள் செல்லும் ஒளியைக் குறைத்தால் காட்சி முழுவதும் இருளும். கறுப்பு-வெள்ளைப் படத்தில் சிவப்பு ஃபில்டரைப் பொருத்தினால் நீலவானம் ஏறக்குறையக் கறுத்துவிடும். கதிரவனை நடிகர்களின் பின்புறத்தில் இருக்குமாறு வைத்துக்கொண்டால், முகம் நிழலில் ஆழ்ந்து, கூந்தலின் ஓரமும் நீரின் சிற்றலைகளும் மட்டும் வெள்ளிபோல் மின்னும். ஸ்டுடியோவில் எடுக்கும் பகுதி இதனினும் கடினமானது. படகின் பின்னே ஒரு திரையைக் கட்டி, முன்னரே எடுத்த நீர்க்காட்சியை அத்திரையின் மறுபுறமிருந்து பாய்ச்சுவார்கள். நடிகர்மீது விழும் ஒளி, திரையில் தெரியும் நிலவின் திசையோடும் அளவோடும் ஒத்திருத்தல் வேண்டும். அவ்வொளி சிறிதளவு திரையின்மீது சிந்தினாலும் ஆறு வெளுத்து மறைந்துபோகும். அபிமன்யு தோன்றும் பகுதிகளை ஜெமினி கணேசனுக்காக ஒருமுறையும் நாகேஸ்வர ராவுக்காக ஒருமுறையும் எடுக்க வேண்டியிருந்ததையும் எண்ணிப்பார்த்தால், அவ்வுழைப்பின் அளவு புலப்படும்.

கடோத்கசன் கல்யாண விருந்தைத் தனியாளாக உண்டு தீர்க்கும் காட்சியின் ஒளியோ முற்றிலும் வேறுவகை. அரக்கரைக் காட்டுவோர் பொதுவாகக் கீழிருந்து ஒளியைப் பாய்ச்சி, முகத்தில் அச்சமூட்டும் நிழல்களை உண்டாக்குவர். இங்கு அவ்வாறு இல்லை. லட்டுகள் தாமே எழுந்து வாய்க்குள் செல்வதெல்லாம் நல்ல வெளிச்சத்தில் நிகழ்கிறது. மாயத்தை இருளில் மறைத்துக் காட்டுவது எளிது. கம்பி, கயிறு எதுவாயினும் நிழலில் ஒளிந்துகொள்ளும். வெளிச்சத்தில் காட்டும்போது மெல்லிய கம்பி ஒருமுறை மின்னினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். இத்தனை இடர் இருந்தும் வெளிச்சத்தையே தேர்ந்தனர். காண்போர் அஞ்சாமல் சிரிக்க வேண்டிய காட்சி அது. 65 ஆண்டுகளுக்கு மேலாகியும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கின்றனர்.

2010ஆம் ஆண்டில் தெலுங்கு மாயா பஜாருக்குக் கணினியின் துணையால் வண்ணம் ஏற்றித் திரையிட்டனர். கறுப்பு-வெள்ளைப் படம் என்றாலே அலைவரிசையை மாற்றிவிடும் புதிய தலைமுறையைத் திரையரங்கிற்கு அழைத்துவர அது உதவியது. அதனை மறுத்தல் நேர்மையாகாது. எனினும் ஒரு வினா எழுகிறது. கோகலேயும் பார்ட்லியும் ஒவ்வோர் ஆடையையும் சுவரையும் சாம்பல் நிறத்தின் ஏற்றத்தாழ்வுகளாகவே கணக்கிட்டிருப்பர். திரையில் அது எவ்வளவு கருமையாகத் தெரியும் என்பதே அவர்கள் கண்ட அளவுகோல். பின்னர் வந்து பூசும் வண்ணம், அவர்கள் வகுத்த கணக்கைக் குலைக்காதா?

நிலவுக் காட்சியில் இவ்வினா இன்னும் கூர்மையாகிறது. அறிவியல் வகுப்பில் படித்தது இங்கே பயன்படும். விழித்திரையில் உள்ள கூம்பு செல்கள் நிறத்தை உணர்பவை. அவற்றுக்கு மிகுதியான ஒளி வேண்டும். மங்கிய ஒளியில் குச்சி செல்களே வேலை செய்கின்றன. அவற்றால் நிறத்தைப் பிரித்தறிய இயலாது. ஊருக்கு வெளியே, தெருவிளக்கு இல்லாத இடத்தில், நிலவொளியில் ஒரு செம்பருத்தியைப் பார்த்தால் அது சிவப்பாகத் தோன்றாது, கறுத்துத் தோன்றும். வண்ணப் படங்களில் இரவு நீலமாக இருப்பது பெரிதும் ஓவியர்களும் ஒளிப்பதிவாளர்களும் நிலைநாட்டிய வழக்கமே. நிலவிலிருந்து வருவது கதிரவனின் ஒளிதான். அது நீல ஒளி அன்று. அவ்வகையில் பார்த்தால், நண்பகலில் பொய்யாக உண்டாக்கப்பட்ட அக்கறுப்பு-வெள்ளை நிலவே மனிதக் கண் காணும் நிலவுக்கு நெருக்கமானது.

வண்ணம் வேண்டாம் என்று பார்ட்லி ஒதுங்கியவர் அல்லர். 1965இல் வெளிவந்த ‘செம்மீன்’ என்னும் மலையாளப் படத்தில் கேரளக் கடலை வண்ணத்தில் படம்பிடித்தவர் அவரே. அங்கே ஒவ்வொரு நிறமும் அவர் பார்த்துத் தேர்ந்தது.

மாயா பஜாரின் இரு வடிவங்களையும் காணும் வாய்ப்புள்ளோர், ஒலியை நிறுத்திவிட்டுப் படகுக் காட்சியை மட்டும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் கண் முதலில் எங்கே செல்கிறது, நீரின் மின்னலுக்கா, சாவித்திரியின் முகத்திற்கா, ஆடைக்கா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வகுப்பில் ஒப்பிட்டு உரையாடலாம்.