முகத்துக்கு எண்ணெய் தடவலாமா?

ஹாஸ்டல்ல ஒருத்தருக்கு முகத்துல பரு வந்தா போதும், ரெண்டு கட்சி கிளம்பிடும். ஒரு கட்சி, "தேங்காய் எண்ணெய் தடவு, இயற்கையானது, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "எண்ணெயை முகத்துப் பக்கமே கொண்டு போகாதே" என்று சொல்லும். நான் ரெண்டாம் வருஷத்துல முதல் கட்சி பேச்சைக் கேட்டேன். நெற்றி முழுக்கப் பொரிப் பொரியாக வந்தது. அப்புறம் அடுத்த கட்சி பேச்சைக் கேட்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை ஃபேஸ்வாஷ் போட்டேன். தோல் உரிய ஆரம்பிச்சது.

ரெண்டு கட்சியும் பண்ற தப்பு ஒண்ணுதான். எண்ணெய் என்றால் எல்லாம் ஒரே பொருள் என்று நினைப்பது.

விதைக்குள்ள என்ன இருக்கு?

விதை எண்ணெயைச் சேர்த்து வைப்பது நமக்காக இல்லை. முளைவிட்டு, இலை வந்து, வெயிலில் சொந்தமாகச் சமைக்க ஆரம்பிக்கும்வரை நாற்றுக்கு அதுதான் கட்டுச்சோறு. ஒரு கிளிசராலோடு மூணு கொழுப்பு அமிலங்கள் சேர்ந்திருக்கும். எந்தக் கொழுப்பு அமிலம், எவ்வளவு என்பதில்தான் ஒரு எண்ணெய்க்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். நீங்க ரெண்டு பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: ஒலிக் அமிலம், லினோலிக் அமிலம். ரெண்டுக்குமே 18 கார்பன். முதலாவதுக்கு ஒரு இரட்டைப் பிணைப்பு, அடுத்ததுக்கு ரெண்டு. பேப்பர்ல பார்த்தா சின்ன வித்தியாசம். தோலுக்கு அது பெரிய விஷயம்.

தோலின் மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவர் மாதிரி நினைச்சுக்கோங்க. இறந்த செல்கள் செங்கல். நடுவில் இருக்கும் கலவை செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். இந்தக் கலவை சரியாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாது. அந்தச் செரமைடுகளில் முக்கியமான ஒரு வகையைக் கட்ட லினோலிக் அமிலம் வேணும். நம்ம உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது, வெளியிலிருந்துதான் வரணும். 1929-ல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற அமெரிக்கத் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தாங்க. எலிகளின் தோல் செதில் செதிலாக ஆனது. லினோலிக் அமிலம் உடம்புக்கு அத்தியாவசியம் என்று தெரிய வந்தது அந்த வழியில்தான்.

ஒலிக் அமிலம் வேற ரகம். அந்தக் கலவையின் ஒழுங்கைக் குலைக்கும். மருந்தைத் தோல் வழியே உள்ளே அனுப்ப, ஊடுருவலைக் கூட்டும் பொருளாக இதைப் பயன்படுத்துவது உண்டு. மருந்துக்கு அது நல்லது. ஏற்கெனவே பலவீனமான முகத்தோலுக்கு அது தேவையா?

இதைச் சோதித்துப் பார்த்திருக்காங்க. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் ஒரு முன்கையில் ஆலிவ் எண்ணெயும் மறு முன்கையில் சூரியகாந்தி விதை எண்ணெயும் தினம் ரெண்டு வேளை, 4 வாரம் தடவினாங்க. ஒலிக் அதிகமுள்ள ஆலிவ் தடவிய கையில் தோலின் தடுப்புச்சுவர் பலவீனமாச்சு, லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி தடவிய கை நல்லா இருந்தது. சின்ன ஆய்வுதான், அதுவும் முகத்தில் செய்யவில்லை. ஆனாலும் ரெண்டு எண்ணெய் ஒண்ணு இல்லை என்பதற்கு இது போதும்.

எந்த எண்ணெய் எந்தப் பக்கம்?

சூரியகாந்தி, குசும்பா, திராட்சை விதை எண்ணெய்களில் பொதுவாக லினோலிக் அதிகம். பாதாம் எண்ணெயில் ஒலிக் அதிகம். நல்லெண்ணெயில் ரெண்டும் கிட்டத்தட்டச் சமம், தலா 40 சதவீதம் அளவுக்கு. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம், லினோலிக் ரொம்பக் கொஞ்சம். தலைமுடிக்கு அது அருமையான எண்ணெய். பரு வரும் முகத்தில் துளைகளை அடைக்க வாய்ப்பு அதிகம்.

சூரியகாந்தியிலேயே ஒலிக் அதிகமாக வரும்படி வளர்த்த ரகமும் இருக்கு. எப்படிக் கண்டுபிடிப்பது? உங்க வீட்டுச் சமையல் எண்ணெய் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்க. மோனோ அன்சாச்சுரேட்டட், பாலி அன்சாச்சுரேட்டட் என்று ரெண்டு எண் இருக்கும். சூரியகாந்தியில் முதல் எண் பெரும்பாலும் ஒலிக், அடுத்தது பெரும்பாலும் லினோலிக். சமையல் எண்ணெயை முகத்தில் கொட்டச் சொல்லலை. பல நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் சின்ன பாட்டிலில் இந்த எண்கள் இருக்கா என்று தேடிப் பாருங்க. "100% இயற்கை" மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

தடவுவதாக இருந்தால்

எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுக்காது, இருக்கும் தண்ணீரைப் பூட்டி வைக்கும். அதனால் முகம் கழுவி ஈரம் காய்வதற்குள் ரெண்டு மூணு துளி போதும். முதலில் முன்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பாருங்க. அரிப்பு, சிவப்பு வந்தால் விட்டுடுங்க.

லினோலிக் அதிகமுள்ள எண்ணெய் சீக்கிரம் கெடும். அந்த இரட்டைப் பிணைப்புகள் பக்கத்தில்தான் ஆக்சிஜன் வந்து தாக்கும். சின்ன பாட்டிலாக வாங்கி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைங்க. பழைய முறுக்கு மாதிரி சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போடுங்க.

பொடுகு இருந்து, மூக்கோரமும் செதில் உதிர்ந்தால் எண்ணெய் வேண்டாம். அதற்குக் காரணமான மலசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பு அமிலங்களைச் சாப்பிட்டுத்தான் வாழுது. அப்புறம், எந்த விதை எண்ணெயும் சன்ஸ்கிரீனுக்கு மாற்று இல்லை.

கடைசியா ஒண்ணு. பரு உள்ளவர்களின் தோல் எண்ணெய்ப்பசையில் லினோலிக் குறைவு என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. அதனால் அதைத் தடவினால் பரு போயிடும் என்று அர்த்தம் இல்லை. எண்ணெய் வறட்சிக்கு உதவும். வலிக்கும், பழுக்கும் பருவுக்குத் தோல் டாக்டர்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கு. "பருவுக்கெல்லாமா டாக்டர்?" என்று நானும் நினைச்சேன். ஆறு மாசம் எண்ணெயும் வீடியோவுமாக ஓட்டினேன். பரு போயிடுச்சு, கன்னத்துல தழும்பு இன்னும் இருக்கு. அந்த ஆறு மாசத்தை நீங்க வீணாக்க வேண்டாம்.