உருமாறும் பொம்மைகள்

நுழையும்முன்

உருவம் மாறுதல் இயற்கையின் இயல்பு. புழு பட்டாம்பூச்சியாகிறது; விதை மரமாகிறது. மனிதனும் தன் கைத்திறனால் உருவம் மாறும் பொருள்களைப் படைத்திருக்கிறான். அவற்றுள் சிறுவர் கைகளில் தவழும் ஒன்றைப் பற்றியும், அது நிலவு வரை சென்ற கதையைப் பற்றியும் இப்பாடம் விளக்குகிறது.

மாறுதலும் மீளுதலும்

தெற்கு அந்தமானில் உள்ள சிப்பிகாட் பகுதியை நம்மில் பலர் அறிவோம். ஒரு காலத்தில் அங்கே நெல்வயல்கள் பரந்து கிடந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தால் அப்பகுதியின் நிலம் தாழ்ந்தது. கடல்நீர் உட்புகுந்தது. வயல்கள் நீர்நிலையாயின. இன்று அங்கே ஏர் உழுத இடத்தில் நீர்ப்பறவைகள் இரை தேடுகின்றன. நிலம் உருமாறியது, ஆனால் பழைய உருவத்திற்கு மீளவில்லை. பட்டாம்பூச்சியும் அவ்வாறே, அது மீண்டும் புழுவாவதில்லை.

இனி ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். அதை மடித்துக் கப்பல் செய்கிறோம். கப்பலைப் பிரித்தால் மீண்டும் தாள் கிடைக்கிறது. தாளின் எந்தப் பகுதியும் வெட்டப்படவில்லை. புதிதாக எதுவும் ஒட்டப்படவும் இல்லை. பகுதிகள் இடம் மாறின, அவ்வளவே. உருமாறும் பொம்மையின் இலக்கணம் இதுதான். ஒன்றும் கூடாமல், ஒன்றும் குறையாமல், ஓர் உருவம் மற்றோர் உருவமாக மாற வேண்டும். விரும்பும்போது பழைய உருவத்திற்கு மீளவும் வேண்டும்.

பிறந்த கதை

ஜப்பான் நாட்டில் டகாரா என்னும் பொம்மை நிறுவனம் இருந்தது. அது 1974ஆம் ஆண்டு 'மைக்ரோமேன்' என்னும் சிறு உருவப் பொம்மைகளையும், 1980ஆம் ஆண்டு 'டயாகுளோன்' என்னும் பொம்மை வரிசையையும் வெளியிட்டது. டயாகுளோன் வரிசையில் விரற்கடை அளவே உள்ள சிறு மனித உருவங்கள் இருந்தன. அவை பெரிய இயந்திரங்களுக்குள் அமர்ந்து அவற்றைச் செலுத்துவதாகக் கதை. பின்னர், சாலையில் ஓடும் மகிழுந்துகள் இயந்திர மனிதர்களாக மாறும் பொம்மைகளும் இவ்வரிசையில் சேர்ந்தன.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இவற்றைக் கண்டு, விற்பனை உரிமை பெற்று, 1984ஆம் ஆண்டு 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்னும் பெயரில் வெளியிட்டது. அப்போது ஒரு முக்கியமான மாற்றம் செய்யப்பட்டது. இயந்திரத்தைச் செலுத்தும் மனிதன் நீக்கப்பட்டான். இயந்திரமே உயிரும் அறிவும் உடையதாகக் கருதப்பட்டது. சைபர்ட்ரான் என்னும் கோளிலிருந்து வந்த இரு பிரிவினர் என அவற்றிற்கு ஒரு கதையும் அமைக்கப்பட்டது. நன்மையின் பக்கம் நிற்போர் ஆட்டோபாட்டுகள். தீமையின் பக்கம் நிற்போர் டிசெப்டிகான்கள். பாப் புடியான்ஸ்கி என்னும் எழுத்தாளர் பல பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் எழுதினார். அதே ஆண்டில் இக்கதை தொலைக்காட்சியிலும் படக்கதை நூலாகவும் வெளிவந்தது. இவ்வாறு ஜப்பானியரின் கைத்திறனும் அமெரிக்கரின் கதைத்திறனும் ஒன்று சேர்ந்து இப்பொம்மைகளை உலகெங்கும் கொண்டு சென்றன.

வடிவமைப்பின் அடிப்படைக் கருத்துகள்

1. ஓர் உறுப்பு, இரு பணிகள்

இவ்வரிசையில் புகழ்பெற்றது ஆப்டிமஸ் பிரைம். சரக்கு வண்டியாக இருக்கும்போது அதன் முன்கண்ணாடி ஓட்டுநர் அறையின் சாளரம். இயந்திர மனிதனாக எழுந்து நிற்கும்போது அதே கண்ணாடி மார்பாகிறது. வண்டியின் பின்பகுதி நிமிர்ந்து கால்களாகிறது. உள்ளே மறைந்திருந்த தலை வெளிப்படுகிறது. ஒவ்வோர் உறுப்பும் இரண்டு வேலைகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் முன் நிற்கும் சிக்கல். வண்டிக்கு அழகாக உள்ள பகுதி மனித உருவத்திற்குச் சுமையாகலாம். மனித உருவத்திற்குத் தேவையான கை வண்டியில் ஒளிந்துகொள்ள இடமின்றிப் போகலாம்.

முதல் ஆப்டிமஸ் பிரைம் பொம்மையில் இச்சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. அதன் கைமுட்டிகளைத் தனியே கழற்றி வைத்து, பிறகு மாட்ட வேண்டியிருந்தது. சிறிய பொருளாதலால் அவை தொலைந்துபோக வாய்ப்பிருந்தது. 'ஒன்றும் கூடாமல், ஒன்றும் குறையாமல்' என்னும் இலக்கணம் அங்கே சற்றே வழுவியது. பின்னாளில் வந்த பல வடிவங்களில் கைகள் முன்கைக்குள்ளேயே மடங்கிக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டன. குறையைக் கண்டு திருத்துவதே வடிவமைப்பின் வளர்ச்சி என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

2. மூட்டுகளின் வகை

நம் முழங்கை ஒரே திசையில் மடங்கி நிமிர்கிறது. இது கீல் மூட்டு. கதவின் கீலும் இவ்வாறே இயங்குகிறது. நம் தோள் பல திசைகளில் சுழல்கிறது. இது பந்துக்கிண்ண மூட்டு. தொடக்ககாலப் பொம்மைகள் பெரும்பாலும் கீல்களால் இயங்கின. எனவே அவை உருமாறின. ஆனால் நின்ற நிலையில் விறைப்பாகவே தோன்றின. 1996ஆம் ஆண்டு விலங்கு உருவங்களாக மாறும் 'பீஸ்ட் வார்ஸ்' வரிசை வெளிவந்தது. அதில் பந்துக்கிண்ண மூட்டுகள் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டன. அதனால் பொம்மைகள் ஓடுவது போலவும் தாவுவது போலவும் நிற்கத் தொடங்கின. மூட்டு தளர்ந்தால் பொம்மை நிற்காது. மிக இறுகினால் உடையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிவது நுட்பமான பணி.

3. மறைந்திருத்தல்

இலைப்பூச்சி இலையைப் போலத் தோன்றித் தன்னைக் காத்துக்கொள்கிறது. இப்பொம்மைகளும் அன்றாடப் பொருள்களின் தோற்றத்தில் மறைந்திருக்கின்றன. சவுண்ட்வேவ் என்னும் பொம்மை ஒலிநாடாக் கருவியாக இருக்கும். அதன் மார்புக் கதவைத் திறந்தால் உள்ளே சிறிய ஒலிநாடா இருக்கும். அந்த ஒலிநாடாவும் பறவையாகவோ விலங்காகவோ மாறும். மேசைமேல் உள்ள எளிய பொருளுக்குள்ளும் வேறோர் உயிர் ஒளிந்திருக்கலாம் என்னும் கற்பனையைச் சிறுவர் மனத்தில் இது விதைத்தது.

4. ஒன்று சேர்தல்

1985ஆம் ஆண்டு கட்டுமான வண்டிகளின் உருவில் ஆறு பொம்மைகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே இயந்திர மனிதனாக மாறும். ஆறும் சேர்ந்தால் 'டெவஸ்டேட்டர்' என்னும் ஒரு பேருருவம் உருவாகும். இங்கே ஒவ்வோர் உறுப்பும் மூன்று பணிகளுக்குப் பொருந்த வேண்டும். ஆறில் ஒன்று தொலைந்தாலும் பேருருவம் குறையுடையதாகிவிடும். கூட்டுறவின் வலிமையை இதைவிட எளிதாகச் சிறுவருக்கு உணர்த்துவது அரிது.

5. வரிசை முறை

உருமாற்றத்திற்கு ஒழுங்கான வரிசை உண்டு. முதலில் கதவைத் திறந்து, பிறகு கையை வெளியே இழுக்க வேண்டும் என்றிருக்கும்போது, முறை மாறினால் உறுப்புகள் ஒன்றோடொன்று மோதும். எனவேதான் பெட்டியுடன் எண்ணிட்ட படங்கள் அடங்கிய வழிகாட்டித் தாள் தரப்படுகிறது. வன்மையாக முறுக்குபவன் பொம்மையை உடைக்கிறான். வரிசையை அறிந்தவன் எளிதாக மாற்றுகிறான்.

வடிவமைப்பாளரின் பொறுப்பு

தீயோர் தலைவனாகிய மெகாட்ரான் முதலில் கைத்துப்பாக்கியாக மாறும் பொம்மையாக இருந்தது. மறைந்திருத்தல் என்னும் கருத்து இங்கே அளவுக்கு மிஞ்சிப் பலித்தது. உண்மைத் துப்பாக்கியைப் போலவே தோன்றும் பொம்மையைச் சிறுவர் கையில் கண்டால், பிறர் அதனை உண்மை எனத் தவறாகக் கருதக்கூடும். அந்தத் தவறு உயிருக்கே ஊறாக முடியலாம். 1993ஆம் ஆண்டு வெளிவந்த மெகாட்ரான், சாலையில் எவரையும் ஏமாற்றாத பீரங்கி வண்டியாக வடிவமைக்கப்பட்டிருந்தது. ஒரு பொருள் எதைப் போலத் தோன்றுகிறது என்பதற்கும் அதைப் படைத்தவர் பொறுப்பாவார்.

நிலவில் உருமாறிய பந்து

டகாரா நிறுவனம் 2006ஆம் ஆண்டு டோமி என்னும் நிறுவனத்துடன் இணைந்தது. அந்த நிறுவனம் ஜப்பான் விண்வெளி ஆய்வு முகமை, சோனி நிறுவனம், தோஷிஷா பல்கலைக்கழகம் ஆகியவற்றுடன் சேர்ந்து 'சோரா க்யூ' என்னும் சிறு ஊர்தியை உருவாக்கியது. விண்கலத்தில் இடமும் குறைவு. ஏற்றக்கூடிய எடையும் குறைவு. ஆகவே, பயணத்தின்போது சிறிதாகவும், இறங்கியபின் இயங்கக்கூடியதாகவும் உள்ள ஓர் ஊர்தி தேவைப்பட்டது. பல ஆண்டுகளாகப் பொம்மைகளை உருமாற்றிப் பழகியவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று.

சோரா க்யூ சுமார் 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்து. அதன் எடை கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. நிலவில் விழுந்ததும் பந்து இரண்டாகப் பிரிந்து விரியும். அவ்விரு பாதிகளும் சக்கரங்களாகும். நடுவில் ஒளிப்படக் கருவி வெளிப்படும். 'ஓர் உறுப்பு, இரு பணிகள்' என்னும் அதே கருத்து இங்கும் செயற்படுவதைக் காண்க. கடலாமை மணலில் துடுப்புக் கால்களால் உந்தி நகர்வது போன்ற அசைவும் இதன் வடிவமைப்பிற்குத் துணைநின்றது. ஆமைக் குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்வதைக் கண்ட அந்தமான் மாணவர்களுக்கு இவ்வசைவு நன்கு விளங்கும்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான் 3 நிலவில் மென்மையாகத் தரையிறங்கியது. அவ்வாறு தரையிறங்கிய நாடுகளில் இந்தியா நான்காவதாயிற்று. ஐந்தாவது நாடு ஜப்பான். அதன் 'ஸ்லிம்' விண்கலம் 2024ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் நிலவை அடைந்தது. ஆனால், இறங்கும்போது ஓர் உந்துபொறி பழுதுற்றதால், கலம் கவிழ்ந்த நிலையில் நின்றது. அதன் சூரியத் தகடுகளுக்குப் போதிய ஒளி கிடைக்கவில்லை. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே வெளியே விடப்பட்ட சோரா க்யூ, உருமாறி, நகர்ந்து, தலைகீழாய் நின்ற தாய்க்கலத்தைப் படம் எடுத்தது. உடன் சென்ற மற்றொரு சிறு ஊர்தி வழியாக அப்படம் பூமியை வந்தடைந்தது. கலம் எந்நிலையில் நிற்கிறது என்பதை அறிவியலாளர்கள் தம் கண்ணாலேயே கண்டனர். சில நாள்களில் சூரியனின் திசை மாறியபோது தகடுகளில் ஒளி பட, ஸ்லிம் மீண்டும் விழித்தது.

நிறைவாக

விளையாட்டில் பழகிய நுட்பம் வீணாவதில்லை. வீட்டுத் தரையில் ஒரு சிறுவன் பொறுமையுடன் மடக்கி விரித்த கீலும், நிலவின் மண்ணில் விரிந்த பந்தும் ஒரே சிந்தனையின் இரு கிளைகள். நிலநடுக்கம் மாற்றிய நிலத்தை நம்மால் மீட்க இயலவில்லை. ஆயினும், மாறினாலும் மீளத்தக்க பொருள்களைப் படைக்கும் ஆற்றல் நம் கைகளுக்கு உண்டு. அவ்வாற்றலை நன்மைக்குப் பயன்படுத்துவோம்.

சொற்பொருள்

விரற்கடை – ஒரு விரலின் அகலம்
வழுவியது – தவறியது
ஊறு – கேடு
முகமை – ஒரு பணிக்கென அமைந்த அமைப்பு
உந்துபொறி – கலத்தைச் செலுத்தும் இயந்திரம்

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பட்டாம்பூச்சியின் உருமாற்றமும் பொம்மையின் உருமாற்றமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. முதல் ஆப்டிமஸ் பிரைம் பொம்மையில் இருந்த குறை யாது?
3. கீல் மூட்டு, பந்துக்கிண்ண மூட்டு – உடலிலிருந்து ஒவ்வொன்றிற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. மெகாட்ரானின் உருவம் மாற்றப்பட்டது வடிவமைப்பாளரின் பொறுப்பை எவ்வாறு உணர்த்துகிறது?
2. ஸ்லிம் விண்கலம் கவிழ்ந்தபோது சோரா க்யூ ஆற்றிய பணியை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
1. கைத்திறன் 2. முன்கண்ணாடி 3. பேருருவம் 4. எண்ணிட்ட

ஈ. செய்து பார்க்க
இரண்டு வெற்றுத் தீப்பெட்டிகள், தடித்த அட்டை, நூல் ஆகியவற்றைக் கொண்டு இரு உருவங்கள் கொள்ளும் ஒரு பொம்மை செய்க. எந்தப் பகுதியையும் கழற்றாமல் அது உருமாற வேண்டும். அதனை மாற்றும் முறையை எண்ணிட்ட ஐந்து தொடர்களில் எழுதி, நண்பரிடம் தந்து, அவர் பிழையின்றி மாற்றுகிறாரா என நோக்குக. அவர் தடுமாறினால் உம் தொடர்களைத் திருத்துக.