ஒரே டிஷ், வீடு முழுக்க டிவி: கேபிளுக்குள் நடப்பது தெரியுமா?

பிரிட்டனில் ஒரு வீட்டின் கூரையில் ஓர் ஆன்டெனா, சுவரில் ஒரு சின்ன டிஷ். இந்த இரண்டும் இருந்தால் போதும், மாதச் சந்தா ஒரு பென்னிகூடக் கட்டாமல் ஹாலில் ஒரு சேனல், படுக்கையறையில் ஒரு சேனல், சமையலறையில் இன்னொன்று என்று ஒரே நேரத்தில் ஓடவிடலாம், தெரியுமா? ஆன்டெனாவில் இறங்குவது ஃப்ரீவியூ. டிஷ்ஷில் இறங்குவது ஃப்ரீசாட். லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வாடகைக்குப் போகும் நம்மவர்களில் பலர், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன, ஸ்கை என்ற கட்டணச் சேவையின் டிஷ் சுவரில் சும்மா தொங்குவதைப் பார்த்திருப்பார்கள். அதே டிஷ் ஃப்ரீசாட்டுக்கும் பொருந்தும்! கட்டணச் சேவையும் இலவசச் சேவையும் வானத்தில் ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றன.

அந்த இடம் எது தெரியுமா? நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 28.2 பாகையில், 35,786 கிலோமீட்டர் உயரம். அங்கே ஆஸ்ட்ரா 2இ, 2எஃப், 2ஜி என்று மூன்று செயற்கைக்கோள்கள். நொடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன, ஆனால் பூமி சுழலும் கதியோடு சேர்ந்தே சுற்றுவதால் நம் சுவரிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கின்றன. படம் கீழிருந்து மேலே போய் மறுபடி நம் டிஷ்ஷுக்கு வந்து சேரக் கால் நொடி ஆகிறது. ஒளியின் வேகத்தில் வந்தும் கால் நொடி!

இப்படி ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள் மூன்று இருந்தால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945 அக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் வானொலிப் பத்திரிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அப்போது ஒரு செயற்கைக்கோள்கூட வானத்தில் கிடையாது. அவர் 1956-லிருந்து இலங்கையில் வாழ்ந்தார். 1975-ல் கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக டிவி காட்டும் சோதனையை இந்தியா தொடங்கியபோது, நம் விண்வெளிப் பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலேயே ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் கணக்குப் போட்டவர், தன் வீட்டிலேயே அந்தப் படத்தைப் பார்த்தார்!

டிஷ் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதைக் கேளுங்கள். 1962 ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வழியே அட்லான்டிக் கடல் தாண்டி வந்த படத்தைப் பிடிக்க, கார்ன்வால் பகுதியின் கூன்ஹில்லியில் ஒரு டிஷ் கட்டினார்கள். குறுக்களவு ஏறத்தாழ 26 மீட்டர், எடை 1,100 டன்னுக்கு மேல். ஆர்தர் மன்னரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். இன்று லண்டன் வீட்டுக்கு 43 சென்டிமீட்டர் டிஷ் போதும், வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் 60 சென்டிமீட்டர். கூன்ஹில்லியில் முதல் இரவு படம் சரியாக விழவே இல்லை என்பது தெரியுமா? அலை எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதைக் கடலின் இரு கரையிலும் நேர்மாறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒரு சிறு பாகத்தைத் திருப்பிப் போட்டதும் படம் பளிச்சென்று வந்தது. அலை எப்படி அதிர்கிறது என்பது அத்தனை முக்கியம். பல அறைகளுக்கு டிவி கொடுப்பதன் சூட்சுமமும் பாதி அதில்தான் இருக்கிறது.

டிஷ்ஷின் முன்னால் கை நீட்டியதுபோல் ஒரு குமிழ் நிற்கிறதே, அதுதான் எல்.என்.பி. செயற்கைக்கோள் அனுப்புவது 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலை. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வீட்டுக் கேபிளில் சில மீட்டர் போவதற்குள் கரைந்துவிடும். அதனால் எல்.என்.பி. ஒரு கழித்தல் கணக்குப் போடுகிறது. 11,000 மெகாஹெர்ட்ஸ் வந்தால் அதிலிருந்து 9,750-ஐக் கழித்து 1,250 ஆக்கிக் கீழே அனுப்புகிறது. நொடிக்குக் கோடிக்கணக்கான முறை அதிரும் அலையில், மழையிலும் பனியிலும் நின்றுகொண்டு, ஓயாமல் இந்தக் கழித்தல்!

ஆனால் முழுவதையும் ஒரே கேபிளில் அனுப்ப முடியாது. வானத்திலிருந்து வரும் அலைகளில் ஒரு பாதி கிடையாக அதிர்கிறது, மறுபாதி செங்குத்தாக அதிர்கிறது. ஒவ்வொன்றிலும் கீழ்ப்பட்டை, மேல்பட்டை என்று இரண்டு. ஆக நான்கு கட்டுகள். கேபிளில் இடமிருப்பது ஒரு கட்டுக்குத்தான். அப்படியானால் நீங்கள் கேட்கும் சேனல் எந்தக் கட்டில் இருக்கிறது என்று குமிழுக்கு எப்படித் தெரியும்?

டிவியோடு இணைத்திருக்கும் பாக்ஸ் சொல்கிறது! கேபிளின் வழியே பாக்ஸ் 13 வோல்ட் மின்சாரம் அனுப்பினால் செங்குத்து. 18 வோல்ட் அனுப்பினால் கிடை. கூடவே 22 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய துடிப்பைச் சேர்த்தால் மேல்பட்டை, சேர்க்காவிட்டால் கீழ்ப்பட்டை. ரிமோட்டில் ஒரு எண்ணை அழுத்தியதும் ஹாலிலிருந்து சுவருக்கு வெளியே இந்தக் கட்டளை ஓடுகிறது, எல்.என்.பி. கட்டை மாற்றுகிறது, படம் கீழே இறங்குகிறது. அந்தக் கேபிளில் படம் மட்டும் வருவதாகத்தான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மேலே மின்சாரம் போகிறது, கட்டளை போகிறது, பதில் வருகிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்தது இதுதான்.

இது புரிந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறும் புரிந்துவிடும். டிஷ் கேபிளில் ஒரு சாதாரண ஸ்ப்ளிட்டரைச் செருகி இரண்டு அறைக்குப் பிரித்தால் என்ன ஆகும்? ஹால் 18 வோல்ட் கேட்கும், படுக்கையறை 13 வோல்ட் கேட்கும். கூடுதல் வோல்ட் ஜெயிக்கும். ஹாலில் படம், படுக்கையறையில் சிக்னல் இல்லை என்ற வாசகம். பெட்டியைத் திட்டி, டிவியைத் திட்டி, மழையைத் திட்டி அலைவார்கள். டிஷ்ஷுக்குள்ள விதி ஒன்றுதான்: பாக்ஸுக்குள் சேனலைப் பிடிக்கும் ஒவ்வொரு டியூனருக்கும் குமிழிலிருந்து தனிக் கேபிள். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவுசெய்யும் பாக்ஸில் இரண்டு டியூனர், ஆகவே இரண்டு கேபிள். மூன்று அறையில் அப்படி மூன்று பாக்ஸ் வைத்தால் ஆறு கேபிள்! நான்கு வாய் உள்ள குமிழ் குவாட், எட்டு வாய் உள்ளது ஆக்டோ. அவற்றின் ஒவ்வொரு வாயும் தனித்தனியாகக் கட்டளை கேட்கும்.

கடையில் குவாட் என்று கேட்டால் சில சமயம் குவாட்ரோவைக் கையில் கொடுத்துவிடுவார்கள், கவனம். பெயரில் ஓரெழுத்து வித்தியாசம், வேலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குவாட்ரோவின் நான்கு வாய்களும் நான்கு கட்டுகளை நிரந்தரமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும், யார் கட்டளைக்கும் மசியாது. அதை நேராக பாக்ஸில் செருகினால் கால்வாசிச் சேனல்தான் கிடைக்கும். அது மல்டிஸ்விட்ச் என்ற பெட்டிக்காகப் பிறந்தது. பரணில் அந்தப் பெட்டியை வைத்து நான்கு கேபிளை உள்ளே விட்டால், எட்டு, பன்னிரண்டு, பதினாறு அறைக்குக்கூடத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே டிஷ்ஷை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு டிவி கொடுப்பது இப்படித்தான்.

ஆன்டெனாவின் சங்கதி இதற்கு நேர் எதிர். ஃப்ரீவியூ வரும் இடம் 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை, அவ்வளவுதான். எல்லாச் சேனலும் ஒரே கேபிளுக்குள் ஒரே நேரத்தில் அடங்கிவிடும். யாரும் யாருக்கும் கட்டளை இட வேண்டியதில்லை. மாடித் தொட்டித் தண்ணீர்போல எத்தனை குழாய்க்கும் பிரிக்கலாம், பிரிக்கப் பிரிக்க அழுத்தம்தான் குறையும். இரண்டாகப் பிரித்தால் பாதிக்கும் சற்றுக் கூடவே போய்விடும். அதை ஈடுகட்ட ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே பூஸ்டர் வைப்பார்கள். டிவிக்குப் பின்னால் வைத்தால் பலவீனமான சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். மேலே நிற்கும் பூஸ்டருக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது தெரியுமா? இங்கும் அதே கேபிளின் வழியாகத்தான்!

கூரையில் மீன்முள்போல நிற்கும் அந்த ஆன்டெனாவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதை 1926-ல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் ஷின்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும். ஜப்பானில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, பிரிட்டிஷ் ரேடார் வீரர் ஒருவரின் குறிப்பேடு கிடைத்தது. அதில் யாகி, யாகி என்று எழுதியிருந்தது. என்ன அர்த்தம் என்று கைதியைக் கேட்டார்கள். உங்கள் ஊர்ப் பேராசிரியரின் பெயர்தான் என்று பதில் வந்ததாம்! எண்பதுகளில் தமிழகத்தின் தென்கடற்கரை வீடுகளில் உயரக் குழாயில் கட்டி, இலங்கையின் ரூபவாகினியைக் கடல் தாண்டி இழுத்துப் பிடித்ததும் இதே யாகிதான்.

லண்டனின் பெரும்பகுதிக்கு அலை அனுப்புவது 219 மீட்டர் உயர கிரிஸ்டல் பேலஸ் கோபுரம். யார்க்‌ஷயரின் எம்லி மூர் கோபுரத்துக்கு 330 மீட்டர். அதற்கு முன் அங்கே நின்ற கம்பம் 1969 மார்ச்சில் பனிக்கட்டியின் பாரத்தால் சரிந்து விழுந்தது. நாடு முழுக்க 1,100-க்கும் மேற்பட்ட கோபுரங்கள் இருந்தாலும் எல்லாச் சேனலையும் அனுப்புபவை 80 பெரிய கோபுரங்கள்தான். பள்ளத்தாக்கு ஊர்களுக்கென்று வைத்த சின்னக் கோபுரங்கள் பொதுச்சேவைச் சேனல்களோடு நிறுத்திக்கொள்கின்றன. தெருவில் நடக்கும்போது கூரைகளை அண்ணாந்து பாருங்கள். மீன்முள்ளின் முட்கள் படுக்கையாக இருந்தால் பெரும்பாலும் பெரிய கோபுரம், நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் சின்னக் கோபுரம். நிமிர்ந்த முட்கள் உள்ள ஊரில் டிஷ்ஷுக்குத்தான் என் ஓட்டு. ஒரே பாய்ச்சலில் பொதுச்சேவைக்கு அப்பாலும் ஏராளமான சேனல் வந்துவிடும்.

டிஜிட்டல் அலையின் உள்கட்டமைப்பைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். 2009 டிசம்பரில் ஃப்ரீவியூவில் எச்.டி. தொடங்கியது, அந்தப் புதிய தரைவழி நுட்பத்தை உலகில் முதலில் ஓடவிட்ட நாடு பிரிட்டன். அதில் எட்டே மெகாஹெர்ட்ஸ் இடத்துக்குள் 27,000-க்கும் மேற்பட்ட மெல்லிய அலைகள் அருகருகே, ஒன்றோடொன்று மோதாமல் ஓடுகின்றன! பழைய காலத்தில் கட்டடத்தில் பட்டுத் தெறித்த அலை திரையில் நிழலுருவம் காட்டும். இப்போது அது இல்லாமற்போனதற்கு இந்த ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளே காரணம்.

சரி, ஓர் அறைக்கு ஆன்டெனா கேபிளும் வேண்டும், டிஷ் கேபிளும் வேண்டும் என்றால் சுவரெல்லாம் கேபிளா? வேண்டாம்! ஆன்டெனா அலை 694-ல் முடிகிறது, டிஷ் அலை 950-ல் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். ஆகவே பரணில் இரண்டையும் ஒரே கேபிளில் கலந்து அனுப்பி, அறைச் சுவரில் உள்ள பிளேட்டில் பிரித்துக்கொள்ளலாம். மல்டிஸ்விட்சில் ஐந்தாவதாக ஒரு வாய் இருப்பதே ஆன்டெனாவுக்காகத்தான். அந்தச் சுவர் பிளேட்டில் இரண்டு காலத்துப் பழக்கம் அருகருகே நிற்கிறது. அழுத்திச் செருகும் டிவி பிளக் 1922 வாக்கில், பிபிசி வானொலி பிறந்த காலத்தில், லண்டனை அடுத்த என்ஃபீல்டில் இருந்த பெல்லிங் லீ நிறுவனத்தில் பிறந்தது. திருகிப் பூட்டும் எஃப் கனெக்டர் 1950-களில் அமெரிக்காவில் எரிக் வின்ஸ்டன் வடிவமைத்தது. அதில் ஊசி என்று தனியாக ஒன்று கிடையாது, கேபிளின் நடுச் செம்புக் கம்பியே ஊசி! அதனால்தான் உறையை வெட்டும்போது வெளிப்பின்னலின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது.

முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன டிஷ்ஷில் ஒரு பொறி உண்டு. ஸ்கையின் க்யூ பாக்ஸ் வைத்திருந்த வீடாக இருந்தால் குமிழ் வேறு வகை. கட்டளையே கேட்காமல், கிடையை ஒரு கேபிளிலும் செங்குத்தை இன்னொரு கேபிளிலும் அகலமாக அள்ளி அனுப்பும். பழைய ஃப்ரீசாட் பாக்ஸ் அதில் ஓடாது. குமிழை மட்டும் மாற்றினால் போதும், டிஷ்ஷைத் தொட வேண்டியதில்லை. 2021-ல் வந்த ஃப்ரீசாட் 4கே பாக்ஸோ இரண்டு வகைக்கும் ஒத்துப்போகும்.

மார்ச் தொடக்கத்திலும் அக்டோபரிலும் பட்டப்பகலில் சில நிமிடம் படம் உடைகிறதா? பழுதில்லை. செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது!

சந்தா இல்லை என்றாலும் டிவி லைசென்ஸ் உண்டு. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டில் எத்தனை அறையில் எத்தனை டிவி வைத்தாலும் ஒரே லைசென்ஸ்தான். தனித்தனி வாடகை ஒப்பந்தம் போட்டு அறை எடுத்திருக்கும் மாணவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும், அவரவர் அறைக்கு அவரவர் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளை டிவிக்கு இன்றும் தனி லைசென்ஸ் இருக்கிறது தெரியுமா? 2025 ஏப்ரலில் அதற்கு 58.50 பவுண்டாக இருந்தது!

புதிதாக கேபிள் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கும் விடை வந்துவிட்டது. எல்லா பாக்ஸுக்கும் ஒரே கேபிளில் ஆளுக்கொரு சிறு அலைவரிசையை ஒதுக்கிக் கொடுக்கும் குமிழ்கள் இருக்கின்றன, ஒற்றைக் கேபிளில் 32 டியூனர் வரை! கேபிளே கண்ணாடி இழையாக மாறினால் ஒரே குமிழிலிருந்து நான்கு கட்டும் சேர்ந்தே போகும். 2012-ல் செயற்கைக்கோள் நிறுவனமான எஸ்.இ.எஸ். கொண்டுவந்த முறை இன்னும் ஒரு படி மேல். அது டிஷ் சிக்னலை வீட்டுக்குள்ளேயே இணையப் பொதிகளாக மாற்றி வைஃபையில் விட்டுவிடும். வெளி இணைப்பு அறுந்து கிடந்தாலும் வானத்திலிருந்து இறங்கும் படம் சமையலறையில் சாய்த்து வைத்திருக்கும் டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருக்கும், அந்த அறைக்கு ஒரு கேபிள்கூட இழுக்காமல்!