ஒரு லட்சம் = ஒரு மில்லிமீட்டர்: ராயபுரத்தில் கிளம்பினா அதானி சொத்து எங்கே போய் முடியும்?

"சொத்து மதிப்பு 7 லட்சம் கோடி"ன்னு நியூஸ்ல சொல்றாங்க. நாமும் "அடேயப்பா"ன்னு சொல்லிட்டு சேனலை மாத்திடறோம். கோடி, ஆயிரம் கோடி, லட்சம் கோடி எல்லாமே நம்ம காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்குது. அதனால இன்னைக்கு ரூபாயைத் தூரமா மாத்திப் பார்க்கலாம்.

கணக்கு சிம்பிள். ஒரு லட்சம் ரூபாய் = 1 மில்லிமீட்டர். ஸ்கேல்ல இருக்கிற சின்னக் கோட்டு இடைவெளி. ராயபுரம் ரயில் நிலையத்தில் இருந்து தண்டவாளத்தோட வடக்கே அளப்போம்.

உங்க வாழ்நாள் சம்பளம்

மாசம் 25,000 சம்பளம்னா வருஷத்துக்கு 3 லட்சம், அதாவது 3 மி.மீ. 35 வருஷம் உழைச்சா பத்தரை சென்டிமீட்டர். பிளாட்பாரத்துல உள்ளங்கையை வச்சா அதுக்குள்ள முடிஞ்சிடும். "டீ குடிக்கிறதை நிறுத்துங்க, கோடீஸ்வரர் ஆகலாம்"னு சொல்றாங்களே? தினம் 30 ரூபாய், 35 வருஷம், வட்டி இல்லாம: 4 மி.மீ. கூட வராது.

காட்டுப்பள்ளி துறைமுகம்

எண்ணூருக்கு வடக்கே இருக்கிற காட்டுப்பள்ளி துறைமுகத்தோட 97% பங்கை 2018-ல் அதானி போர்ட்ஸ் 1,950 கோடிக்கு வாங்குச்சு. நம்ம கணக்குல 195 மீட்டர். ரெண்டு, மூணு நிமிஷ நடை.

அதானியோட சொத்து

2024 ஃபோர்ப்ஸ் உலகப் பட்டியல்ல கௌதம் அதானியின் சொத்து 8,400 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 7 லட்சம் கோடி ரூபாய், அதாவது 70 கிலோமீட்டர். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி எல்லாம் தாண்டி, ஆந்திராவுல தடா பக்கம் போய் நிக்குது.

முந்தின வருஷம், 2023 பட்டியல்ல, ஹிண்டன்பர்க் அறிக்கைக்குப் பிறகு பங்கு விலைகள் சரிஞ்ச நேரத்துல, அது 4,720 கோடி டாலர். கோடு பொன்னேரி தாண்டி கொஞ்ச தூரத்துலயே நின்னுடுச்சு. ஒரே வருஷத்துல 30 கிலோமீட்டர் கூடினது சம்பளத்தாலயும் இல்ல, சேமிப்பாலயும் இல்ல. கையில இருக்கிற பங்குகளோட விலை ஏறினதால. இது பீரோவுல இருக்கிற பணம் கிடையாது, சந்தை போடுற மதிப்பு.

அப்போ நம்ம மில்லிமீட்டருக்கு மதிப்பில்லையா?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்தது ஞாபகம் இருக்கா? (அதானி பேச்சு இதோட முடிஞ்சது, அந்தச் சம்பவத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.) தமிழக அரசு சுமார் 9,000 குடும்பங்களுக்கும் 787 படகுகளுக்கும் அறிவிச்ச நிவாரணம் மொத்தம் 8.68 கோடி. 87 சென்டிமீட்டர், ஒரு மீட்டர் கூட இல்ல. அதுல 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500. மில்லிமீட்டர்ல எட்டுல ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு ரூபாய் நோட்டோட தடிமன். கடலுக்குப் போக முடியாத வீட்டுல அன்னைக்கு அரிசி வாங்கினது அந்தத் தடிமன்தான்.

அந்த மாதிரி நேரத்துல கையில எதுவும் இல்லன்னா அடுத்தது தண்டல்தான். 9,000 கையில வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டினா, வருஷ வட்டி சுமார் 80%.

அதனால தடாவைப் பார்த்து ஏங்க வேண்டாம், "நாம உழைக்கலையோ"ன்னு குற்ற உணர்ச்சியும் வேண்டாம். சம்பளத்தை எவ்வளவு மிச்சம் பிடிச்சாலும் அங்கே போக முடியாது. மாசம் 2,500 தனிக் கணக்குல போடுங்க. ரெண்டு வருஷத்துல 60,000. கோட்டுல அது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஆனா தண்டல்காரர் உங்க வாசலுக்கு வராம இருக்க அது போதும்.

உங்க சேமிப்பு எத்தனை மில்லிமீட்டர்? கமெண்ட்ல சொல்லுங்க.